புரூஸ் லீ நெஜமாவே சண்டைக்காரரா, வெறும் நடிகரா? யீஷூன் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி, சுருக்கமா: "மாஸ்டர், எனக்கு 22 வயசு, என்எஸ் (தேசிய சேவை) முடிச்சாச்சு. சிங்கப்பூர்ல யீஷூன் பக்கம் ஒரு சமூக மன்றத்துல விங் சுன் (ஒரு வகை தென் சீனக் குங்ஃபூ) கத்துக்கிட்டு வர்றேன். எங்க தாத்தாதான் காரணம், அவர் புரூஸ் லீ பைத்தியம், எழுபதுகள்ல இங்க தியேட்டர்ல படம் பாத்துட்டு வந்து கதை கதையா சொல்வாரு, கேமராவாலயே அவர் வேகத்த புடிக்க முடியலடா, ஒரு இன்ச் தூரத்துல குத்துனா ஆள் பறந்துடுவான், முகமது அலியே பயந்தாருன்னு. குங்ஃபூவே நம்ம காஞ்சிபுரத்து போதிதர்மர் குடுத்ததுன்னும் சொல்வாரு. தாத்தா போன வருஷம் தவறிட்டாரு. இப்ப கேம்ப்ல பழகுன ஃப்ரெண்டு ஒருத்தன், அவன் எம்எம்ஏ (பல சண்டைக் கலைங்கள கலந்து மோதுற போட்டி) பண்றவன், புரூஸ் லீ ஒரு சண்ட கூட போடல, வெறும் நடிகன், நீ கத்துக்குறதும் டான்ஸ்தான்னு சொல்றான். எங்க சிஃபுவோட (குங்ஃபூ ஆசிரியரோட) குருவ பத்தியும் அறுபதுகள்ல கேலாங்ல தனியா அஞ்சு பேர அடிச்சாருன்னு கிளாஸ்ல சொல்வாங்க. எத நம்புறது? நான் காசையும் நேரத்தையும் வீணாக்குறேனா?"

தம்பி, முதல்ல தாத்தா போனதுக்கு என் அனுதாபம். உன் லெட்டர்ல கேள்விய விட அந்த வருத்தம்தான் எனக்கு அதிகமா தெரிஞ்சுது, அவர் சொன்னது பொய்யாயிட்டா அவரையே இழந்த மாதிரி ஆயிடுமோன்னு ஒரு பயம். அப்படி ஆகாது. நான் பாக்ஸிங், மொய் தாய் (தாய்லாந்து குத்துச்சண்டை) ரெண்டும் சொல்லிக்குடுக்குறவன், அடி வாங்கி அடி குடுத்து பாத்த கண்ணால சொல்றேன், தாத்தா சொன்னதுல பாதி சரியில்ல, உன் ஃப்ரெண்டு சொன்னதுலயும் பாதி சரியில்ல, ரெண்டு பேரும் விட்டுட்ட ஒரு விஷயம் இருக்கு, அதுதான் புரூஸ் லீகிட்ட உண்மையிலேயே பெரிய விஷயம்.

எதெல்லாம் பதிவா இருக்குன்னு பாப்போம். புரூஸ் லீக்கு ப்ரொஃபஷனல் சண்ட ரெக்கார்டுன்னு எதுவும் கெடையாது. போட்டின்னு எடுத்துக்கிட்டா 1958ல ஹாங்காங்ல பள்ளிக்கூடங்களுக்கு நடுவுல நடந்த பாக்ஸிங்ல ஜெயிச்சாரு, அவ்வளவுதான். அதே வருஷம் சா சா டான்ஸ் போட்டிலயும் ஜெயிச்சாரு, இத சொன்னா சில பேர் சிரிப்பாங்க, ஆனா கால் வேலை சொல்லிக்குடுக்குற எவனும் சிரிக்க மாட்டான், தாளத்த உடம்புல வச்சிருக்குற பையன் ரிங்ல எடைய ஒரு கால்லருந்து இன்னொரு காலுக்கு மாத்துற விதமே தனி. பதிமூணு பதினாலு வயசுல ஹாங்காங் மாஸ்டர் இப் மான்கிட்ட விங் சுன் ஆரம்பிச்சாரு, வோங் ஷுன் லியுங் மாதிரி சீனியர்கிட்டயும் அடி வாங்கி கத்துக்கிட்டாரு, 1959ல பதினெட்டு வயசுல அமெரிக்கா போயிட்டாரு. அதாவது விங் சுன்ல முழுப் பாடத்தையும் அவர் முடிக்கவே இல்ல. "எல்லா கலையும் கரைச்சு குடிச்சவர்"னு சொல்றதுக்கு இதுவே பதில்.

அந்த ஒரு இன்ச் குத்து. 1964ல அமெரிக்காவுல லாங் பீச்ல எட் பார்க்கர்ங்கற கராத்தே மாஸ்டர் நடத்துன போட்டில புரூஸ் லீ செஞ்சு காட்டுனாரு, ஃபிலிம் இருக்கு, நீயே பாத்திருப்ப. அதுல எதிர்ல நிக்கிறவர் எப்படி நிக்கிறார்னு கவனிச்சியா? ரெண்டு பாதமும் ஒரே கோட்டுல, முன்ன பின்ன வைக்காம, பின்னாடி ஒரு நாற்காலி. அப்படி நிக்கிற ஆள பின்னாடி தள்ளுறது சுலபம், முன்பின்னா தாங்குறதுக்கு உள்ளங்கால் நீளம் மட்டும்தான் இருக்கு. அதனால அது ஆள காலி பண்ற குத்துன்னு எடுத்துக்காத, அழுத்தமான ஒரு தள்ளுக் குத்து. ஆனா அத ஏமாத்துன்னும் சொல்லிடாத தம்பி, எங்க ஜிம்ல பல வருஷம் பழகுனவங்கள நிக்க வச்சு இத பண்ண சொன்னா முக்காவாசி பேருக்கு தோள் மட்டும்தான் வேலை செய்யும், கால், இடுப்பு, முழங்கை எல்லாம் ஒரே நொடில சேராது. லண்டன் இம்பீரியல் காலேஜ்ல கராத்தே பிளாக் பெல்ட் 12 பேரையும் பழகாத 12 பேரையும் வச்சு வெறும் 5 சென்டிமீட்டர் தூரத்து குத்த அளந்து பாத்தாங்க, 2012ல வெளிவந்துச்சு. தசை பலம் காரணம் இல்ல, தோளும் மணிக்கட்டும் வேகத்தோட உச்சத்த ஒரே நேரத்துல தொடுதாங்கறதுதான் வித்தியாசம், அதுக்கேத்த மாதிரி சிறுமூளைல இருக்குற நரம்புப் பாதையிலயும் வித்தியாசம் இருந்துச்சு. ஆக புரூஸ் லீ காட்டுனது மாயமும் இல்ல, சண்டையும் இல்ல, ரொம்ப உயர்ந்த ஒரு உடல் ஒருங்கிணைப்பு. ரெண்டு விரல் புஷ் அப்பும் இதே கணக்குதான், நெஜம், அபாரம், ஆனா அதனால எதிராளி உன்ன அடிக்காம இருக்க மாட்டான்.

கேமரா கதைக்கு ஒரு அடிப்படை இருக்கு. ஃபிலிம் நொடிக்கு 24 ஃப்ரேம்தான், ஒரு ஃப்ரேமுக்குள்ளயே முடிஞ்சுடுற அசைவு மங்கலாதான் பதியும், 1966ல அமெரிக்க டிவி தொடர்ல நடிச்சப்ப கொஞ்சம் மெதுவா பண்ணுங்கன்னு அவர்கிட்ட சொல்ல வேண்டி வந்துச்சு. அவ்வளவுதான் விஷயம், அது ஊரு சுத்தி வரும்போது "கேமராவால புடிக்கவே முடியல"ன்னு ஆயிடுச்சு. நுஞ்சாக்கு (சங்கிலில கோத்த ரெட்டைக் கம்பு) வச்சு பிங் பாங் ஆடுற வீடியோவ உனக்கு யாராவது கட்டாயம் ஃபார்வர்ட் பண்ணிருப்பாங்க, அது 2008ல நோக்கியா ஃபோனுக்கு எடுத்த விளம்பரம், அவர் மாதிரி இருக்குற ஒருத்தர வச்சு கம்ப்யூட்டர்ல பந்த சேத்தது. புரூஸ் லீ இறந்தது 1973ல.

முகமது அலி பயந்தாருங்கறதுக்கு ஆதாரமே இல்ல. உண்மை தலைகீழா இருக்கு, புரூஸ் லீதான் அலியோட சண்ட ஃபிலிம போட்டு போட்டு பாத்து கால் வேலைய படிச்சாரு. அவர் எடை சுமாரா 64 கிலோ, அலி ரிங்ல ஏறும்போது 95க்கு மேல. 30 கிலோ வித்தியாசம்னா என்னன்னு ஒரு தடவ ஸ்பாரிங்ல அனுபவிச்சவங்க இந்த பேச்சையே எடுக்க மாட்டாங்க. எடைப் பிரிவுன்னு ஒண்ணு வச்சதே உயிர காப்பாத்தத்தான்.

இனி உன் ஃப்ரெண்டுக்கு. வெறும் நடிகன்னா, அந்தக் காலத்து சாம்பியன்கள் எதுக்கு அவர்கிட்ட வந்து பழகுனாங்க? ஜோ லூயிஸ் அமெரிக்கால ஹெவிவெயிட் கராத்தே சாம்பியன், புரூஸ் லீய விட ரொம்ப பெரிய உடம்பு, அவர் லீகிட்ட தனியா பாடம் எடுத்துக்கிட்டாரு. 1970 ஜனவரில அமெரிக்காவோட முதல் கிக் பாக்ஸிங் சண்டைல லூயிஸ் ரெண்டாவது ரவுண்டுல நாக் அவுட்ல ஜெயிச்சாரு, அதுக்கு அப்புறமும் கடைசி வரைக்கும் லீகிட்ட கத்துக்கிட்டத சொல்லிட்டே இருந்தாரு. சக் நாரிஸ், மைக் ஸ்டோன்னு வேற கராத்தே சாம்பியன்களும் லீயோட சேந்து பழகினாங்க. நான் ஒரு ஆளோட திறமைய எடை போடணும்னா இதத்தான் முதல்ல பாப்பேன், ரசிகர் என்ன சொல்றார்னு பாக்க மாட்டேன், மாணவன் என்ன சொல்றான்னு கூட பாக்க மாட்டேன், வேற எடத்துல ஜெயிச்சுட்டு வந்தவன், இவர புகழ்ந்து எதுவும் கெடைக்க வேண்டிய அவசியம் இல்லாதவன், இவர் கைய தொட்டுப் பாத்துட்டு என்ன சொல்றான்னு பாப்பேன். அதுல புரூஸ் லீ நல்லாவே தேறுறாரு. ஆனா "நல்ல கோச், வேகமான கை, கூர்மையான கண்ணு"ங்கறதுக்குத்தான் இது சாட்சி. "யாராலயும் தோற்கடிக்க முடியாதவர்"ங்கறதுக்கு சாட்சி இல்ல. அத நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது, ஏன்னா அந்தப் பரீட்சைய அவர் எழுதவே இல்ல.

நான் மேல சொன்ன அந்தப் பெரிய விஷயம் 1964 கடைசில அமெரிக்காவோட ஓக்லண்ட்ல நடந்த சண்டைல இருக்கு. வோங் ஜாக் மேன்னு சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுன்லருந்து வந்த வட சீன குங்ஃபூக்காரர், ரெண்டு பேரும் இருபத்தஞ்சு கூட ஆகாத பசங்க. கதவ சாத்திட்டு அடிச்சுக்கிட்டாங்க, கொஞ்ச பேர்தான் பாத்தாங்க. புரூஸ் லீயோட மனைவி லிண்டா சொல்றது மூணு நிமிஷத்துல முடிஞ்சுடுச்சு, லீ ஜெயிச்சாருன்னு. வோங் பக்கம் சொல்றது இருபது நிமிஷத்துக்கு மேல போச்சு, யாரும் ஜெயிக்கலன்னு. எதுக்கு சண்டைங்கறதுலயே ஒத்துப் போகல, சீனர் இல்லாதவங்களுக்கு சொல்லிக்குடுக்காதன்னு மிரட்ட வந்தாங்கன்னு லிண்டா, லீ மேடைல விட்ட சவாலுக்கு பதிலா வந்தேன்னு வோங். வோங் சீனப் பத்திரிகைல எழுதி, எல்லார் முன்னாடியும் மறுபடி மோதலாம்னு கூப்பிட்டாரு, அந்த ரெண்டாவது சண்ட நடக்கவே இல்ல. ஃபிலிம் கெடையாது. யார் ஜெயிச்சாங்கன்னு அடிச்சு சொல்றவங்க யாரா இருந்தாலும் அவங்க தனக்கு புடிச்ச பக்கத்தத்தான் சொல்றாங்கன்னு வச்சுக்கோ.

ஆனா லீ பக்கத்து ஆளுங்களே ஒத்துக்குற ஒரு விஷயம் இருக்கு பாரு. சண்ட முடிஞ்சதும் அவருக்கு மூச்சு வாங்கிடுச்சு. எதிராளி ஓடுனப்ப துரத்தி அடிக்க விங் சுன் நேர் குத்து பத்தல. ஜெயிச்சோம்னு கொண்டாடாம அவர் தன் மேலயே கோவப்பட்டாரு. இருபத்தி நாலு வயசு, சுத்தி சிஷ்யங்க, தன் பேர்ல ஸ்கூல், அந்த நெலமைல ஒருத்தன் தான் கத்துக்கிட்ட முறையே பத்தலன்னு ஒத்துக்கிட்டு மறுபடி ஆரம்பிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு எனக்கு தெரியும், பல மாஸ்டர்ங்க அந்த எடத்துலதான் கதைய கட்டிக்கிட்டு பயிற்சிய விட்டுடுறாங்க. அவர் ஓட ஆரம்பிச்சாரு, வெயிட் தூக்க ஆரம்பிச்சாரு, மேற்கத்திய பாக்ஸிங் ஃபிலிம் பாத்தாரு, அண்ணன் பீட்டர் வாள்வீச்சு வீரர், அந்த வாள்வீச்சுலருந்து எதிராளி கெளம்பும்போதே குறுக்க தாக்குற முறைய எடுத்தாரு, பலமான கைய முன்னாடி வச்சு நிக்க ஆரம்பிச்சாரு, ஜூடோ சாம்பியன் ஜீன் லெபெல்கிட்ட பிடி போடுறத கேட்டு தெரிஞ்சுக்கிட்டாரு. 1967ல அதுக்கு ஜீத் குன் டோன்னு பேர் வச்சாரு. அதே வருஷம் லாங் பீச்ல தலைக்கவசம், கிளவுஸ், மார்புக் கவசம் எல்லாம் போட்டு சிஷ்யங்களோட நெஜமா தொட்டு அடிச்சு காட்டுன ஃபிலிம் இருக்கு, தேடிப் பாரு. குங்ஃபூ உலகத்துல பெரும்பாலான எடத்துல காத்துல கை வீசிட்டிருந்த காலத்துல கவசம் மாட்டி மோதிப் பாருன்னு சொன்னது சின்ன விஷயம் இல்ல. இதுக்காக அவர எம்எம்ஏவோட தந்தைன்னு சொல்றது கூடுதல், பிரேசில்ல வாலே டூடோங்கற கட்டுப்பாடு கொறஞ்ச கலப்புச் சண்டைங்க அவர் பொறக்குறதுக்கு முன்னாடியே நடந்துச்சு. தன் காலத்துல தன் வட்டத்துக்குள்ள முன்னாடி போன ஆள், அது போதும்.

1970ல முதுகுல பாரத்த வச்சு குனியுற பயிற்சில சரியா வார்ம் அப் பண்ணாம நரம்ப காயப்படுத்திக்கிட்டாரு, இனிமே உதைக்கவே முடியாதுன்னு டாக்டருங்க சொன்னாங்க, மாசக்கணக்குல படுக்கை, அந்த நேரத்துலதான் தன் முறைய பத்தி நோட்டு நோட்டா எழுதுனாரு. தாத்தா தியேட்டர்ல பாத்து கை தட்டுன அந்த உதை எல்லாம் அதுக்கு அப்புறம், வலியோட போட்டது. தாத்தாவுக்கு இது தெரிஞ்சிருந்தா இன்னும் பலமா தட்டிருப்பாரு.

போதிதர்மர் விஷயத்த சுருக்கமா சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்ககிட்ட இத சொன்னா கோவம் வரும், ஆனாலும் சொல்லணும். அவர் வாழ்ந்தது அஞ்சு, ஆறாம் நூற்றாண்டு. தென்னிந்தியாலருந்து வந்தவர்னு ஏழாம் நூற்றாண்டு சீனக் குறிப்பு சொல்லுது, அதுல நாம பெருமைப்படலாம். ஆனா அவரையும் சீனாவோட ஷாவோலின் மடத்து உடற்பயிற்சியையும் சேத்து சொல்ற நூல் 1624 வாக்குலதான் வருது, ஆயிரம் வருஷம் கழிச்சு, அதோட முன்னுரையே போலின்னு சீன ஆய்வாளர்களே காட்டிட்டாங்க. ஷாவோலின் துறவிங்க சண்ட போட்டதுக்கு நெஜமான கல்வெட்டு இருக்கு, 621ல டாங் அரசருக்கு உதவுனதுக்கு, அதுல போதிதர்மர் குத்து கத்துக்குடுத்த பேச்சே இல்ல. எந்தக் கதையா இருந்தாலும் சம்பவத்துக்கும் அத முதல்ல எழுதுனதுக்கும் நடுவுல எவ்ளோ காலம்னு கேளு, பாதி தெளிஞ்சுடும். நமக்கு சிலம்பம் இருக்கு, அடிமுறை இருக்கு, பெருமைக்கு அடுத்தவங்க கலைய எடுத்துக்க வேண்டிய தேவை இல்ல.

நீ கேக்கல, ஆனா இங்க அடிக்கடி காதுல விழுறதால சொல்றேன், பார்வையாலயே ஆள விழ வைக்கிற நோக்கு வர்மம், தொடாமலே தள்ளுற சக்தி, இந்த மாதிரி எவனாவது சொன்னா நகந்துடு. வர்மம்ங்கறது நெஜமான மரபு, கன்னியாகுமரி பக்கம் அதுல வைத்தியம் பாக்குறவங்க இருக்காங்க, நான் அத குறை சொல்லல. தொடாம விழுறதுதான் பிரச்சினை. ஜப்பான்ல யானாகி ரியுகென்னு ஒரு மாஸ்டர், சிஷ்யங்கள தொடாமலே உருட்டி விடுவாரு, அவரே அத முழுசா நம்பிட்டாரு, 2006ல ஒரு எம்எம்ஏ வீரர் கூட மோதி மூஞ்சில ரத்தத்தோட முடிஞ்சுது. சிஷ்யங்க பொய் சொல்லணும்னு நெனச்சு விழல, மரியாதைல விழுந்தாங்க, அது பழக்கமாயிடுச்சு. அதான் பயமா இருக்கு, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே ஒரு முழு கிளாஸும் ஏமாந்து போக முடியும்.

சரி, உங்க சிஃபுவோட குரு. அறுபதுகள்ல இங்க குண்டர் கும்பல் சண்டைங்க நெஜமாவே இருந்துச்சு, ஒருத்தர் அடிச்சு தப்பிச்சிருக்கலாம், நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அஞ்சு பேர்னா முதல்ல சொன்னப்ப ரெண்டு பேரா கூட இருந்திருக்கும். பெரிய மாஸ்டருங்க நெஜமா மோதுனா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா 1954 ஜனவரில மக்காவ்ல தாய் சி மாஸ்டர் வூ குங் யியும் வெள்ளைக் கொக்கு பாணி சான் ஹாக் ஃபூவும் தர்ம நிதிக்காக மோதுன ஃபிலிம பாரு, ரெண்டு பேரும் பேர் போனவங்க, ஊரே கூடிருச்சு. கை தாறுமாறா வீசுது, மூக்குல அடி, சீக்கிரமே நிறுத்தி வெற்றி தோல்வி இல்லன்னு அறிவிச்சுட்டாங்க. அவங்கள மட்டமா நெனைக்காத, பயத்தோட நிக்கும்போது பழகுன அழகு முதல்ல போயிடும், அடிக்கடி மோதிப் பழகுனவனுக்கு மட்டும்தான் கொஞ்சம் மிஞ்சும்.

அதனால குருவோட குரு என்ன பண்ணாருங்கறது உன் கைக்கு எந்த பலத்தையும் தராது. கிளாஸ்ல என்ன நடக்குதுன்னு பாரு. ச்சி சாவ் (ரெண்டு பேர் கையோட கை ஒட்டி வச்சு பழகுறது) பண்ணும்போது எதிர்ல இருக்குறவன் உன்ன நெஜமா அடிக்க பாக்குறானா, இல்ல உன் கை வர்ற எடத்துக்கு தன் கைய கொண்டு வந்து வைக்கிறானா? நீ தப்பு பண்ணா அடி விழுதா? சிஃபு வெளியிலருந்து வர்ற ஆளோட லேசா ஸ்பாரிங் பண்ண விடுறாரா? "எங்க கலை ரொம்ப ஆபத்தானது, அதனால பழகிப் பாக்க முடியாது"ன்னு சொன்னா அத ஒரு பதிலா எடுத்துக்காத. அதே நேரம் சிஃபுகிட்ட போய் எல்லார் முன்னாடியும் "உங்க குரு கதை நெஜமா"ன்னு கேக்காத, அவர் வாழ்க்கைய அதுல போட்டவரு, கிளாஸ் முடிஞ்சு தனியா "சிஃபு, கிளவுஸ் போட்டு பழகலாமா"ன்னு மட்டும் கேளு. அவர் முகத்துலயே உனக்கு பதில் தெரிஞ்சுடும், நல்ல ஆசிரியர்னா சந்தோஷப்படுவாரு.

அவர் ஒத்துக்கிட்டா அங்கயே இரு, விங் சுன்ல நெருக்கத்துல கைய உணர்றது, நேர் கோட்ட விட்டுக்குடுக்காதது, இதுக்கெல்லாம் மதிப்பு இருக்கு. ஒத்துக்கலன்னா விட்டுட்டு ஓடணும்னு இல்ல, உடம்பு நல்லா இருக்கு, மனசுக்கு புடிச்சிருக்கு, தாத்தா நெனப்பு இருக்குன்னா அது வீண் செலவு கெடையாது, ஆனா சண்ட கத்துக்குறேன்னு மட்டும் நம்பாத, கூட ஒரு பாக்ஸிங் கிளாஸும் சேந்துக்கோ, உன் ஃப்ரெண்டோட ஜிம்முக்கே போ, அவன்கிட்ட வாதாடாத, மூணு ரவுண்டு லேசா பழகுங்க. முதல் மாசம் மூச்சு வாங்கும், கண்ண மூடுவ, கத்துக்கிட்ட எதுவும் வராது, அது எல்லாருக்கும் அப்படித்தான்.

ஸ்பாரிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட அளவு குடுத்து மவுத் கார்டு செஞ்சுக்கோ, கிளவுஸ் 16 அவுன்ஸ், தலைக்கவசம் வெட்டுக்காயத்த தடுக்கும், மூளை குலுங்குறத தடுக்காது, அதனால தலைல அடி விழுந்து வலியோ கிறக்கமோ வாந்தியோ வந்தா அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டர பாரு, அவர் சரின்னு சொல்ற வரைக்கும் திரும்ப ரிங்ல ஏறாத. சிஃபு என்ன சொன்னாருன்னு எழுது, அத வச்சு அடுத்து என்ன பண்ணலாம்னு சொல்றேன்.